புதுப்பிப்பு: வெப்பக்காற்றுக் கருவியில் 4 டிகிரி குறைவு, காரணம் தெரிந்தது

குழாய் வழியாகப் போர்வைக்குள் சூடான காற்றைச் செலுத்தி நோயாளியைச் சூடாக வைத்திருக்கும் வெப்பக்காற்றுக் கருவியை 43 டிகிரி செல்சியஸில் வைத்தால் குழாய் முனையில் 39 தான் காட்டுகிறது, அளவுத்திருத்தத்தை ஏற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஏற்றவில்லை. நல்லவேளை.

கருவி சரியாகத்தான் இருக்கிறது. தவறு என் அளவீட்டில். சென்சார் முனையைக் குழாய் வாயிலிருந்து சற்றே வெளியே பிடித்திருந்தேன், அறைக்காற்று கலந்துவிட்டது. கையேட்டைப் பொறுமையாகப் படித்து, போர்வையை மாட்டி, முனையைக் காற்றோட்டத்தின் நடுவில் நிறுத்தி, வெப்பம் நிலைப்படும்வரை காத்திருந்தேன். 42.6 வந்தது. கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள்தான். அதற்கு முன் வெப்பமானியையும் பனிக்கட்டியும் நீரும் கலந்த கலவையில் வைத்துப் பார்த்தேன், 0 காட்டியது.

அன்று 4 டிகிரி ஏற்றியிருந்தால் காற்று 47ஐத் தொட்டிருக்கும். 44 டிகிரிச் சூடு பல மணி நேரம் தோலில் பட்டுக்கொண்டே இருந்தாலே புண்ணாகும். மயக்கத்தில் இருப்பவரால் சுடுகிறது என்று சொல்லவும் முடியாது. அதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

அப்புறம், போர்வை இல்லாமல் குழாயை நேராக நோயாளி மேல் வைக்கவே கூடாது. தீக்காயங்களுக்கு அது தெரிந்த காரணம்.

அதிவெப்ப அலாரமும் தானியங்கி நிறுத்தமும் இன்னும் சோதிக்கவில்லை. அது முடியும்வரை கருவி அறுவை அரங்குக்குத் திரும்பாது.