பத்துக்குப் பத்து பொருந்தவில்லை: சாலை சைக்கிளில் மலை சைக்கிள் கியர் (சைக்கிள் மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

எழுபதாம் வளைவு
என் சாலை சைக்கிளில் இருப்பது ஷிமானோ 105 கியர் தொகுப்பு, 5700 வரிசை, 10 வேகம் (பின்னால் பத்துப் பல்சக்கரங்கள்). பற்களின் எண்ணிக்கை முன்னால் 50/34, பின்னால் 11-28. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் முழங்கால் முனகத் தொடங்கிவிடுகிறது. பின்னால் இரண்டு பைகளும் தொங்கினால் கேட்கவே வேண்டாம். அதனால் 11-36 கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி), அதற்காக மலை சைக்கிளின் 10 வேக ஷிமானோ டியோர் டெரைலியரும் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) வாங்கினேன். "பத்துக்குப் பத்து, கச்சிதமாக உட்காரும்" என்றார் கடைக்காரர். உட்காரவில்லை. கைப்பிடியிலுள்ள ஷிஃப்டரை ஒரு தட்டு தட்டினால் செயின் அடுத்த பல்சக்கரத்தை எட்டாமல் நடுவழியில் நின்று கரகரக்கிறது. மூன்று மணி நேரம் கேபிளை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்துவிட்டேன்.

முழுத்தொகுப்பு
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டால் இப்படித்தான். ஒரே தொகுப்பாக வாங்குங்கள். 2019-இல் ஷிமானோவின் சரளைச் சாலைத் தொகுப்பான ஜிஆர்எக்ஸ் வந்ததே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

கிரீஸ்கை
ஜிஆர்எக்ஸ் முழுத்தொகுப்பு விலையில் இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம் ஐயா.

எழுபதாம் வளைவு, எத்தனை வேகம் என்பதை விடுங்கள். ஒரு தட்டுக்கு ஷிஃப்டர் எவ்வளவு கேபிளை இழுக்கிறது, அதை டெரைலியர் எத்தனை மடங்காக்குகிறது என்று பாருங்கள். உங்கள் ஷிஃப்டர் இழுப்பது சுமார் 2.3 மி.மீ. பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 3.95 மி.மீ. பழைய சாலை டெரைலியர் 1.7 மடங்கு நகரும், பெருக்கினால் 3.9, சரியாகிவிடுகிறது. நீங்கள் மாட்டியிருப்பது டைனா-சிஸ் வகை. சேற்றிலும் துருவிலும் கேபிள் சிக்கினாலும் கியர் பிசகக் கூடாது என்று, கேபிளை அதிகம் இழுத்துக் குறைவாக நகரும்படி செய்தார்கள். அது 1.2 மடங்கு. 2.3-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 2.76தான். மூன்று மணி நேரம் அல்ல, மூன்று நாள் திருகினாலும் வராது.

மலை சைக்கிளின் 9 வேக டெரைலியரைத் தேடுங்கள். அதுவும் 1.7தான். கேசட்டை மாற்ற வேண்டாம்.

முழுத்தொகுப்பு
கணக்கு சரி. ஆனால் நாளை அந்த ஷிஃப்டர் உடைந்தால்? கடையில் 10 வேகம் என்று கேட்பார், ஷிமானோவின் இன்னொரு சாலை வரிசையான டியாக்ரா 4700 கொடுப்பார்கள். அதுவும் பத்துதான், ஆனால் அதன் கேபிள் இழுப்பு 11 வேகச் சாலை வகையைச் சேர்ந்தது, 1.4 மடங்கு டெரைலியரோடுதான் சேரும். மறுபடி கரகரப்பு. வெளியூரில் எந்த மெக்கானிக் இந்தக் கலவையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்?

கிரீஸ்கை
நியாயமான கேள்வி. ஆனால் அவரிடம் இப்போது இருக்கும் 105-லும் அதே சிக்கல் உண்டு. 4700 ஷிஃப்டர் அதோடும் சேராது. முழுத்தொகுப்பாக வாங்கியவரும் தப்பவில்லையே?

முழுத்தொகுப்பு
அதை ஏற்கிறேன். கலவையை ஏற்கவில்லை.

மூன்றாம்கியர்
முன்பக்கம் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். ஆசைப்பட்டு மலை சைக்கிள் கிராங்க் (மிதிக்கட்டையும் முன் பல்சக்கரங்களும் பொருந்தும் தண்டு) போட்டேன். சாலை வகையில் செயின் செல்லும் கோடு நடுவிலிருந்து 43.5 மி.மீ., மலை வகையில் 50. சாலை முன் டெரைலியர் பெரிய சக்கரத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எழுபதாம் வளைவு
பழைய 9 வேக டியோர் ஒன்று கிடைத்தது. பெரிய பல்சக்கரம் 34 வரைதான் என்ற வகை. 36-இல் டெரைலியரின் மேல் உருளை உரசியது. உருளைக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டும், பின்னாலிருக்கும் பி-திருகை முழுக்க இறுக்கியும் போதவில்லை. கழற்றித் தலைகீழாக, தலை ஹேங்கர் (டெரைலியரைச் சட்டத்தோடு பிணைக்கும் துண்டு) பக்கம் வரும்படி மாட்டினேன். தாள் நுழையும் அளவு இடைவெளி வந்தது. செயினையும் நீளமாக்கினேன். முன்னால் பெரியதும் பின்னால் பெரியதுமாகச் சேரும்போது செயின் குட்டையாக இருந்தால் ஹேங்கர் முறிந்துவிடும்.

மிகச் சுலபமான கியரில், முன்பு ஒரு முழுச் சுற்று மிதிக்குச் சுமார் 2.55 மீட்டர் நகர்வேன், இப்போது 1.98. நிமிடத்துக்கு 60 மிதி என்றால் 9 கி.மீ. வேகத்திலிருந்து 7-க்கு இறங்கியிருக்கிறேன். நடப்பவரைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பைகளோடு ஏறினேன். ஐம்பத்திரண்டாவது வளைவில் காலை ஊன்றினேன், தண்ணீர் குடிக்க.

முழுத்தொகுப்பு
தண்ணீர் குடிக்கத்தானா?

எழுபதாம் வளைவு
பாதி தண்ணீருக்கு.