கூப்பே, மடிகூரை, பின்னுந்தல்: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

உவர்மலையிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் பொறிமுறை படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கைநூல் எழுதுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறவருக்கு எதைப் பார்க்கச் சொல்வது என்பது கடைசி அத்தியாயம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து நாட்டுக்குள் இருந்த பழைய கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டாலும் வரியைக் கேட்டவர்கள் மறுபடி பழைய டொயோட்டா செலிக்காவையும் மாஸ்டா எம்.எக்ஸ்-5ஐயும்தான் தேடுகிறார்கள். அதனால் பிள்ளைகளுக்கு இது வேண்டும்.

இரண்டு இடத்தில் சொல் இல்லாமல் நிற்கிறேன். ஒன்று காரின் பொடி, அதாவது உடல், எந்த வகை என்பது: இரண்டு கதவும் நிலையான கூரையும் உள்ள கூப்பே, கன்வெர்டிபிள், டார்கா, ஹட்ச்பேக். மற்றது எஞ்சினின் வலு எந்தச் சில்லுக்குப் போகிறது என்பது: முன்னா, பின்னா, நான்குக்குமா. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். தயவுசெய்து அதற்குள் சொல்லுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து, செவ்வாய் காலை

ரீச்சர், கேட்டதற்கு மகிழ்ச்சி. கன்வெர்டிபிளுக்கு மடிகூரை. வினைத்தொகை பாருங்கள்: மடிந்த கூரை, மடிகின்ற கூரை, மடியும் கூரை, மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. துணிக் கூரையானாலும் தகரக் கூரையானாலும் மடிந்தால் அது மடிகூரைதான். டார்காவில் கூரை மடிவதில்லை, தலைக்கு மேலுள்ள துண்டு மட்டும் கழன்று வருகிறது. ஆகவே கழல்கூரை. டார்கா என்ற பெயரே சிசிலித் தீவில் நடந்த ஓட்டப் பந்தயம் ஒன்றிலிருந்து போர்ஷே எடுத்துக்கொண்டது. அதைத் தமிழ்ப் பிள்ளை சுமக்கத் தேவையில்லை.

கூப்பே என்பது பிரெஞ்சில் வெட்டப்பட்டது என்று பொருள்படும். குதிரை வண்டியின் உள்ளே முன்னும் பின்னுமாக எதிரெதிரே இருந்த இருக்கைகளில் ஒரு வரிசையை வெட்டிவிட்டுக் கூட்டைக் குறுக்கினார்கள். நமக்கும் கூடார வண்டில் இருந்தது, அதன் மேல்பாகத்தைக் கூடு என்றுதான் சொன்னோம். எனவே குறுங்கூடு.

சில்லு பற்றியும் ஒன்று. திகிரி, ஆழி, நேமி, உருளி என்று எத்தனை சொல் கிடக்கிறது! நேமி என்பது சிறப்பாகச் சில்லின் விளிம்பு. நடுவில் குடம், குடத்திலிருந்து விளிம்புவரை ஆரக்கால், கழன்றுவிடாமல் கடையாணி. அச்சாணியை வைத்து வள்ளுவர் ஒரு குறளே செய்திருக்கிறார். இவ்வளவையும் விட்டுவிட்டு வீல், ஹப், அக்ஸில் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முன்நேமியியக்கம், பின்நேமியியக்கம் என்று போடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து, செவ்வாய் மதியம்

சேர், அஸ்ஸலாமு அலைக்கும். மடிகூரை எனக்கும் பிடிச்சிருக்கு, அதை விடவேண்டாம். ஆனால் முன்நேமியியக்கம் என்று என் கராஜில் வேலை பழகிற பொடியனிடம் சொன்னால் அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பான். கார் பார்க்க வருகிறவர்கள் கேட்கிறது ஒன்றுதான்: "நானா, இது முன்னுக்கு இழுக்கிறதா, பின்னுக்குத் தள்ளுறதா?" சொல் அங்கேயே இருக்கு.

நான்கு சில்லுக்கும் வலு போகிற காருக்கு நாற்சில்லு என்று யாரும் எழுதிவிடாதீர்கள். தம்பலகாமத்து வயலிலும் எங்கட ஊரிலும் போர் வீல் என்றால் பெரிய ட்ரக்டர். லேண்ட்மாஸ்டர் என்கிற கை ட்ரக்டருக்கு இரண்டு சில்லு, இதற்கு நாலு, அவ்வளவுதான் கணக்கு. அந்தப் பெரிய ட்ரக்டர் பலதில் வலு பின் சில்லுக்கு மட்டும்தான் போகுது. பிள்ளை வயலிலே கேட்ட சொல்லை வைத்துக்கொண்டு நாலு சில்லும் ஓடுகிற சுபாரு காரைப் பார்த்தால் தலைகீழாய் விளங்கும்.

வேற்றுமை தெரியாமல் வாங்கினால் காசு போகும், ரீச்சர். முன்னுக்கு இழுக்கிறது என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்க வேண்டும். முன் சில்லுக்குள்ளிருந்து டக் டக் டக் என்று கேட்டால் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கு. குனிந்து பார்த்தால் அந்த மூட்டை மூடியிருக்கிற கறுப்பு ரப்பர் கிழிந்து, கிரீஸ் சில்லின் உள்பக்கம் முழுக்கத் தெறித்திருக்கும். பின்னுக்குத் தள்ளுறதில் இரண்டு பின் சில்லுக்கும் வலுவைப் பிரிக்கிற டிஃபரன்சல் ஊளையிடுகிறதா என்று கேட்க வேண்டும். நாலுக்கும் போகிறதென்றால் முதலில் ரயரைப் பாருங்கள், நாலும் ஒரே அளவா, ஒரேயளவு தேய்ந்திருக்கா என்று. இரண்டு புதுசு இரண்டு பழசு என்று போட்டு ஓடியிருந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் வலுவைப் பிரிக்கிற நடு டிஃபரன்சல் ஓயாமல் உரசிச் சூடேறிக் கெட்டுப்போகும்.

சென்னையிலிருந்து, செவ்வாய் மாலை

நண்பர்களே, சில்லு என்றால் இங்கே தேங்காய்ச் சில்லு. உடைந்த துண்டு என்றுதான் எங்கள் வாசகர்கள் எடுத்துக்கொள்வார்கள். பொதுத்தமிழாகச் சக்கரம் என்று வைக்கலாமே?

உவர்மலையிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, எங்கள் விஞ்ஞானப் பாடநூல் சில்லு என்றுதான் சொல்லிக்கொடுக்கிறது. பிள்ளைகள் ஒட்சிசன், ஐதரசன் படித்து வளர்ந்தவர்கள். பரீட்சையில் ஒரு சொல், கைநூலில் வேறு சொல் என்று அவர்களை அலைக்கழிக்க நான் விரும்பவில்லை. சில்லு இருக்கட்டும்.

உப்புவெளியிலிருந்து, புதன் காலை

எல்லோருக்கும் வணக்கம். கிண்ணியா நானா சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரும் அப்படியேதான் பிரித்து வைத்திருக்கிறார்கள். முன் சில்லால் ஓடினால் அதற்கு இழுவை என்ற சொல், பின் சில்லால் ஓடினால் உந்துதல் என்ற வேறு சொல். 1934இல் சித்ரோன் வெளியிட்ட திராக்சியோன் அவான் காரின் பெயருக்கே முன்னிழுவை என்றுதான் பொருள். நாம் ஏன் இரண்டுக்கும் ஒரே இயக்கம் என்று போட வேண்டும்? முன்னிழுவை, பின்னுந்து. சொல்லைக் கேட்ட உடனே கார் வளைவில் எப்படிப் போகும் என்றும் பிள்ளைக்கு ஓரளவு பிடிபடும்: முன்னிழுவையில் வேகம் மிஞ்சினால் மூக்கு வெளியே ஒதுங்கும், பின்னுந்தில் அக்ஸிலரேட்டரை அளவுக்குமேல் மிதித்தால் வால் வீசும்.

இன்னொன்றையும் பிரித்தே ஆக வேண்டும். எஞ்சின் இருக்கும் இடம் வேறு, ஓடும் சில்லு வேறு. எம்.எக்ஸ்-5க்கு எஞ்சின் முன்னே, ஓடுவது பின் சில்லு. டொயோட்டா எம்.ஆர்-2க்கு எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். ஓடுவது அங்கும் பின் சில்லுதான். ஆனால் இரண்டும் ஒரேமாதிரிக் கார் அல்ல. எம்.ஆர்-2இல் ரேடியேட்டர் முன்னாலேயே இருப்பதால் தண்ணீர்க் குழாய்கள் காரின் அடியால் நீளத்துக்கு ஓடுகின்றன. தண்ணீர் மாற்றும்போது காற்று அடைபட்டால் எஞ்சின் சூடேறிவிடும். வளைவின் நடுவில் பயந்து அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சட்டென்று சுற்றும். ஆகவே நடுவெஞ்சின் என்று தனியாக ஒரு சொல் போடுங்கள், ரீச்சர்.

பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்குச் செலிக்காவே சாட்சி. 1985க்கு முந்தியது பின்னுந்து, பிந்தியது முன்னிழுவை, அதிலும் ஜி.டி-போர் என்று வந்தால் நான்கும் ஓடும். தோற்றத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரு குடும்பம்.

சென்னையிலிருந்து, புதன் மதியம்

பின்னுந்து சிக்கல். மகிழுந்து, பேருந்து, சரக்குந்து என்று பழகியபின் உந்து என்றாலே வண்டி. பின்னுந்து என்றால் பின்னால் வரும் வண்டி என்று வாசிப்பார்கள்.

சாம்பல்தீவிலிருந்து, புதன் இரவு

உந்து முதலில் வினை, பிறகுதான் வண்டி! பேருந்தைச் செய்தவர்களே அந்த வினையிலிருந்துதான் செய்தார்கள். மயக்கம் வரும் என்றால் பின்னுந்தல் என்று தொழிற்பெயராக்குங்கள், தீர்ந்தது. நேமியை நான் வற்புறுத்தவில்லை, முன்னிழுவை நல்ல சொல்.

ஹட்ச்பேக்குக்கு யாரும் சொல் தராததால் சொல்கிறேன். நாம் டிக்கி என்கிறோமே, அது ரோட்ஸ்டர் என்ற பழைய திறந்த கார்களில் பின்மூடியைத் திறந்தால் வெளியே வரும் ஒரு கூடுதல் இருக்கையின் பெயர். இருக்கை போய்விட்டது, சாமான் வைக்கும் இடத்துக்குப் பெயர் தங்கிவிட்டது. அதை நாம் விரட்டவும் முடியாது. கண்ணாடியும் சேர்ந்து மேலெழும் அந்தப் பின்கதவை எழுகதவு என்று சொல்லலாம், அதுவும் வினைத்தொகை.

கிண்ணியாவிலிருந்து, வியாழன் காலை

எழுகதவு சரி. மடிகூரைப் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள் ரீச்சர், இங்கத்தைய உப்புக் காற்றுக்கு அது முக்கியம். எம்.எக்ஸ்-5இல் இருக்கைக்குப் பின்னால் இரண்டு மூலையிலும், சீட் பெல்ட் தூண் பக்கத்தில், கூரையில் விழுகிற தண்ணீர் இறங்க ஒரு துளை இருக்கு. இலை, மண், துணி நூல் எல்லாம் அங்கே அடையும். அடைந்தால் தண்ணீர் கதவுக்குக் கீழேயுள்ள பெட்டித் தகரத்துக்குள் இறங்கி உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் பளபளப்பாய்த்தான் இருக்கும். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின் சில்லுக்கு முன்னால் அடியிலே ஒழுகினால் நல்லது. ஒழுகாவிட்டால் பின் சில்லுக்கு முந்திய மூலையை விரலால் அழுத்தி, காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். மார்கழி மழை முடிந்தகையோடு பார்ப்பது நல்லம்.

உவர்மலையிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. நாளை கொடுக்க வேண்டும், ஆகவே முடிவை எழுதுகிறேன். மடிகூரை, கழல்கூரை, எழுகதவு, முன்னிழுவை, பின்னுந்தல், நடுவெஞ்சின் ஆகியவை போகின்றன. நான்குக்கும் வலு போவதற்கு அனைத்துச் சில்லு ஓட்டம். கூப்பே கூப்பேயாகவே நிற்கும், சாம்பல்தீவு ஐயா மன்னிக்க வேண்டும். விற்பனை விளம்பரத்தில் பிள்ளைகள் பார்க்கும் பெயர் அதுதான். நானா சொன்ன சோதனைகளை அப்படியே சேர்த்துவிட்டேன்.

கிண்ணியாவிலிருந்து, வியாழன் இரவு

அனைத்துச் சில்லு ஓட்டம் நீளம், ஆனாலும் ட்ரக்டரோடு மயங்காது. போடுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து, வெள்ளி அதிகாலை

ரீச்சர், உங்கள் அவசரம் விளங்குகிறது. ஆனாலும் கூப்பேயை நான் ஏற்கவில்லை. எழுத்தில் பார்த்தால் கைகூப்புவதன் வினைப்பகுதி ஏதோ என்று தோன்றுகிறது, காருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பின்னிணைப்பிலாவது கூப்பேக்குப் பக்கத்தில் குறுங்கூடு என்று ஒருமுறை அச்சாகட்டும். அச்சகம் ஒன்பது மணிக்குத்தானே திறக்கும்?