ஊர்ப்பேர் போட்ட டீசேட்டும், அத பாத்து நம்மள நிப்பாட்டின ஆக்களும்

புணானைப்பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் நானும் மச்சானும் சேந்து "புணானை" எண்டு பேர் போட்ட பழைய காலத்து டீசேட் 40 அடிச்சம். இது விக்கிறதுக்கு எழுதல்ல, 40ம் முடிஞ்சுது. அத போட்டுக்கிட்டு வெளிய போனா ஆக்கள் நிப்பாட்டி சொல்ற கதையள எங்கயாவது எழுதி வைக்கணும் எண்டுதான் இத தொடங்கினன். உங்களுக்கும் அப்பிடி நடந்திருந்தா கீழ எழுதுங்க.

தெரியாத ஆக்களுக்கு, புணானை மட்டக்களப்பு மாவட்டத்துட மேற்கு எல்லை. கொழும்பு ரயில் மனம்பிட்டி, வெலிக்கந்த தாண்டி வந்தா அடுத்தது நம்மட ஸ்டேசன், சுத்திவர காடு, யானை வரும் போகும், ரெண்டு நிமிசம் நிண்டுட்டு ரயில் போயிரும், நித்திரையில வாற ஆக்களுக்கு அப்பிடி ஒரு ஊர் இரிக்கிறதே தெரியாது. ஆனா 1920களில இந்தப் பேர் இலங்கை முழுக்கத் தெரிஞ்ச பேர். மனிசர அடிச்ச சிறுத்தை ஒண்டு இஞ்ச இருந்தது, குறைஞ்சது 12 பேர சாகடிச்சது எண்டு சொல்லுவாங்க, 1924ல ஷெல்டன் ஏகர் எண்ட வெள்ளைக்காரர் சுட்டாரு. பாடம் பண்ணின உடம்பு கொழும்பு மியூசியத்துக்குப் போயிட்டு. அதத்தான் படமா கீறினம், ஸ்டேசன் பேர்ப்பலகைக்குக் கீழ சிறுத்தை படுத்திருக்கிற மாதிரி.

ஆனா நான் கூட மினக்கெட்டது படத்துக்கு இல்ல, எழுத்துக்கு. புணானையில ணாவும் வருது னையும் வருது, ரெண்டுமே பழைய எழுத்துல வேற மாதிரி. ணா எண்டா ணவோட கடைசிக் கோட்ட கீழால சுழிச்சு விடணும், னை எண்டா முன்னால யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. தமிழ்நாட்டுல 1978ல அரசாணை போட்டு இத மாத்தினாங்க, நம்மட பக்கம் வயசான ஆக்கள் அதுக்குப் பிறகும் கையால அப்பிடித்தான் எழுதினாங்க. எங்கட அம்மப்பாட கணக்குக் கொப்பியில அவர் எழுதின "புணானை" இரிக்கு. பிரிண்ட் அடிக்கிற தம்பி கம்ப்யூட்டர்ல இந்த எழுத்து இல்ல அண்ணே, புதுசையே போடுவம் எண்டான். ஏலா எண்டுட்டன். கொப்பிய முன்னால வச்சு பிரஷால மூணு நாள் எழுதி எழுதி பாத்து கடைசியில அம்மப்பாட கைமாதிரியே வந்த ஒண்டத்தான் ஸ்க்ரீனுக்குக் குடுத்தன்.

இப்ப கதைக்கு வாறன். கொழும்பு கோட்டை ஸ்டேசன்ல மட்டக்களப்பு போற மீனகயா ரயிலுக்கு நிக்கிறன், ராவு. ஒரு வயசான ஐயா, சாரன் கட்டி வெள்ளச் சட்டை, எனக்கு முன்னால வந்து நிண்டு கண்ணாடிய தூக்கி வச்சு என்ட நெஞ்சப் பாத்து ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாரு. "மனே, இந்த ணாவ எங்க எடுத்த?" எண்டு கேட்டாரு. படத்த கேக்கல்ல, சிறுத்தைய கேக்கல்ல, ணாவத்தான் கேட்டாரு! அம்மப்பாட கொப்பி எண்டன். அவர் ரயில்வேயில வேல செஞ்சவராம், அந்த லைன்லயே கனகாலம். ரயில் ஏறினதுக்குப் பிறகும் என்ட சீட்டுக்கிட்ட வந்திருந்து வெலிக்கந்த வரைக்கும் கதைச்சாரு, கோடையில தண்ணி தேடி யானை தண்டவாளத்துல ஏறினா டிரைவர் ஹோன் அடிச்சு அடிச்சு ஊர்ந்து போறது, ராவையில ஸ்டேசன்ல தனிய இரிக்கைக்க காட்டுக்குள்ள கேக்கிற சத்தம், எல்லாம். புணானையில ரயில் நிண்ட நேரம் எழும்பி கதவுக்கிட்ட போய் இருட்டுக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நிண்டாரு, நான் ஒண்டும் பேசல்ல.

மற்றது செக்பொயின்ட் கதை. அம்மா முதலே சொன்னவ, புலிப்படம் போட்ட உடுப்போட தூரப் பயணம் போகாத மனே எண்டு. நம்மட பேச்சுல சிறுத்தையும் புலிதானே, சிங்களத்திலயும் கொட்டியா எண்டா ரெண்டும்தான். அம்மாட பயம் சும்மா வந்த பயமில்ல, அந்த ரோட்டால எத்தின தரம் பஸ்ஸ விட்டு இறங்கி வரிசையில நடந்த மனிசி. ஒரு நாள் பஸ்ஸ நிப்பாட்டி ஏறின ஆமிக்காரப் பொடியன் டீசேட்ட பாத்து இது என்ன எண்டு கேட்டான். எனக்கும் தொண்டை காஞ்சிட்டு. "புணானே திவியா, மியூசியத்துல இரிக்கே" எண்டன், திவியா எண்டா சிங்களத்தில சிறுத்தை. அவன் குனிஞ்சு புள்ளியப் பாத்தான், வரி இல்ல, வட்டப்புள்ளிதான். பிறகு சொன்னான், ஸ்கூல் ட்ரிப்ல போய்ப் பாத்தேன், கண்ணாடிக்குள்ள இருந்தது, ஆனா அது எந்த ஊர் எண்டு தெரியாது எண்டு. இந்த ஊர்தான் எண்டு ஜன்னலால கைய காட்டினன். அவன் வெளிய பாத்தான், காட்ட ஒருக்காப் பாத்தான், சிரிச்சிட்டு இறங்கிட்டான். அம்மாக்கு இன்னும் இத சொல்லல்ல.

கடதாசிநகர்_மகள்:

அண்ணா வாசிச்சிட்டு அழுகை வந்திட்டு. உங்களுக்கு அடுத்த ஸ்டேசன்தான் எங்கட ஸ்டேசன். வாழைச்சேனை கடதாசி ஆலைக்காக வந்த பேர், கடதாசி நகர். அப்பா அங்க வேல. அந்த ஆலைட பழைய கேட்ட படமா கீறி நானே ஒரு பையில பிரிண்ட் எடுத்தன், டீசேட் இல்ல, துணிப்பை. சந்தைக்கு கொண்டு போனா மீன் விக்கிற அன்ரி ஒராள் மீன வெட்டுறத விட்டுட்டு பையப் பாக்கிறா. அவட அவரும் அங்க வேல செஞ்சவராம். "வைக்கல் மணக்கும் கா, ட்ராக்டர் ட்ராக்டரா வரும் கா, அறுவடை முடிஞ்சா ஆலைக்குத்தான் கா போகும்" எண்டு கைய ஈரத்தோட தூக்கிக் காட்டி கதைக்கிறா. வைக்கல்ல இருந்து கடதாசி செஞ்ச ஊர் கா நம்மட ஊர், பள்ளிக்குடம் போற பிள்ளையள்ட கொப்பி நம்மட வயல்ல இருந்து போனது. இப்ப பிள்ளையளுக்கு அத சொன்னா நம்புறாங்களே இல்ல. அன்டைக்கு அன்ரி மீனுக்கு காசு வாங்கமாட்டன் எண்டு நிண்டா, கட்டாயப்படுத்தித்தான் குடுத்தன்.

மருதமுனைத்_தறி:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். என்ட கதை பிரிண்ட் இல்லாத கதை. மருதமுனையில எங்கட வீட்டுக்குப் பின்னால மூத்தாப்பாட தறி இருந்தது, மிதிகட்டை மிதிக்கிற சத்தத்திலதான் நாங்க எழும்புறது. 2004 சுனாமியில தறி, பாவு, நூல் எல்லாத்தையும் கடல் கொண்டுபோயிட்டு, மூத்தாப்பா கையால நெய்ஞ்ச சாரன் ஒண்டு பெரியம்மாட பெட்டியில மிஞ்சி இருந்தது. அத நான் அரக்கைச் சட்டையாத் தச்சன், பழைய காலத்து பெரிய கொலரோட. தையல்காரக் காக்கா முதல்ல கத்தரி வைக்கமாட்டன் எண்டாரு, இப்பிடித் துணிய வெட்டுறது பாவம் தம்பி எண்டாரு. பிறகு கரைய வீணாக்காம கைமடிப்பில வாற மாதிரி அவரே யோசிச்சு வெட்டித் தந்தாரு.

கண்டியில ஒரு கல்யாண வீட்டுல பந்தியில இரிக்கிறன், பக்கத்துல ஒரு மனிசர், என்ன ஏதெண்டு கேக்காம என்ட கைமடிப்பப் பிடிச்சு விரலால உரசிப் பாக்கிறாரு, நகத்தால நூல விலக்கிப் பாக்கிறாரு. "மருதமுனைதானே?" எண்டாரு. ஓம் எண்டன். "மெசின் துணியில கரை இப்பிடி இரிக்காது, ஊடுநூலக் கொண்டு ஓடுற நாடா ஒவ்வொரு தரம் திரும்பைக்கையும் நெசவாளிட கை கொஞ்சம் இழுக்கும், அந்த இழுப்பு கரையில தெரியும்" எண்டாரு. அவர் அந்தக் காலத்துல நம்மட சாரன வாங்கி மலைநாட்டுப் பக்கம் வித்த வியாபாரி. நான் எத்தின தரம் அந்தச் சட்டைய போட்டிருக்கன், அந்த இழுப்ப பாத்ததே இல்ல. வீட்ட வந்து லைட்டுக்குக் கீழ பிடிச்சுப் பாத்தன், இரிக்கு. சின்னச் சின்ன அலை மாதிரி. மூத்தாப்பாட கை.

தம்பி_2:

புணானை அண்ணே ஒரு கேள்வி. நாங்களும் கல்லடிப் பாலம் போட்டு அடிச்சம், 1924 பழைய இரும்புப் பாலம், கீழ பாடும் மீன், நல்ல வடிவான படம். ரெண்டு தரம் தோய்ச்சதும் பாலம் வெடிச்சுப் போச்சு. வெளிநாட்டுல இருந்து வந்த பெரியப்பாக்கு குடுத்தது, வெக்கமாப் போச்சு. உங்கட எப்பிடி நிக்குது?

மைக்கல்_பழையவன்:

நான் சுருக்கமாச் சொல்றன். புனித மிக்கேல் கல்லூரிட பழைய பாஸ்கட்போல் ஜேர்சிய மாதிரி பாத்து ஒண்டு தச்சுப் போட்டன், கையில்லாதது, நம்பர் மட்டும் துணியில வெட்டித் தச்சது, பிரிண்ட் இல்ல. மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்ட்ல ஒரு பெரியவர் பின்னால வந்து தோளத் தொட்டு "ஹெபர்ட் சுவாமிட காலத்து ஜேர்சி" எண்டாரு. வேற ஒண்டும் சொல்லல்ல, கனநேரம். அமெரிக்காவில இருந்து வந்த யேசுசபைச் சுவாமிமார் பந்தையும் கொண்டுதான் வந்தாங்க, வெபர் மைதானம் எண்டு இண்டைக்கும் நாம சொல்ற பேரும் அவங்கள்ல ஒராள்டதான். ஹெபர்ட் சுவாமி 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டவர், அவரோட வந்த நம்மட பொடியனும் சேத்து ரெண்டு பேரும் வந்து சேரவே இல்ல. பெரியவர் அவர்ட்ட விளையாடப் பழகினவராம். பஸ் வந்ததும் ஏறப் போய்த் திரும்பி வந்து "நம்பர் இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தது" எண்டு கையால அளந்து காட்டிட்டுப் போனாரு. அளவ நான் அப்பவே போன்ல எழுதி வச்சிட்டன்.

புணானைப்பக்கம்:

மருதமுனைத் தம்பி, அந்தக் கரைய கிட்ட பிடிச்சு ஒரு போட்டோ போடுங்க, கெஞ்சிக் கேக்கிறன்.

தம்பி_2, அது மை காயாத பிழை. பிளாஸ்டிசோல் மை வெயில்ல காயாது, கிட்டத்தட்ட 160 பாகை சூடு மைக்குள்ள வரைக்கும் போகணும். மேலால தொட்டா காஞ்ச மாதிரித்தான் இரிக்கும், உள்ளுக்குப் பச்சையா இரிக்கும், தோய்க்கத் தெரியும். எங்கட முதல் அஞ்சும் இப்பிடித்தான் போனது, சிறுத்தைட முகமே உரிஞ்சு போச்சு. பிறகு ஒவ்வொரு அச்சையும் ஹீட் பிரஸ்ல வச்சு எடுத்து, ஒண்ட மட்டும் அஞ்சு தரம் தோய்ச்சுப் பாத்துட்டுத்தான் மிச்சத்த அடிச்சம். அவசரப்படாதீங்க, பெரியப்பாக்கு புதுசு ஒண்டு அனுப்புங்க.

இன்னொண்டும் சொல்லணும். மீனகயாவில வந்த ஐயாக்கு டீசேட் ஒண்டு அனுப்பினன். அவர்ட பேரன் போட்டோ எடுத்து அனுப்பியிரிக்கான், சாரனுக்கு மேல போட்டுக்கிட்டு கதிரையில நிமிந்து இரிக்காரு. கூடவே ஒரு கடதாசித் துண்டு, அவர் பேனையால கீறினது. பேர்ப்பலகை இடம் செரியாம், சிறுத்தையும் செரியாம், ஆனா ஸ்டேசன் மாஸ்டர் இல்லாம ஸ்டேசன் எப்பிடி எண்டு கேட்டிருக்காரு. ரயில் வரைக்க, அடுத்த ஸ்டேசன் வரைக்கும் போகலாம் எண்டதுக்கு அடையாளமா டிரைவருக்கு நீட்டுற டப்லட் வளையம் இரிக்கே, அத பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆள் ஒண்டு கட்டாயம் வேணுமாம், வளையம் எம்மட்டுப் பெரிசு, எந்தப் பக்கத்துல பை தொங்கும் எண்டதெல்லாம் கீறி அம்பு போட்டு விட்டிருக்காரு. கீழ பழைய எழுத்துல, அந்த ணாவோட, அந்த னையோட, "புணானை" எண்டு. அடுத்த தடவைக்கு அம்மப்பாட எழுத்த மேலயும் இவர்ட எழுத்த முதுகிலயும் போடப் போறன். வளையத்த நேத்து ராவு கீறி முடிச்சிட்டன், பை எந்தப் பக்கம் எண்டு மட்டும் அவர்ட்ட திரும்ப ஒருக்கா கேக்கணும், அம்பு கொஞ்சம் குழப்பமா இரிக்கு.