ஃபேன் வீடியோவில் கோணத் திசைவேகம்: சுத்துக்கு ஒரு தடவை −151.8 வருது, உதவி!

சுழலி: நாளைக்கு ரெக்கார்டு நோட்டு வைக்கணும், அவசரம். சீலிங் ஃபேன் இறக்கையில ஸ்டிக்கர் ஒட்டி வீடியோ எடுத்தேன். ஒவ்வொரு ஃபிரேமிலும் எக்ஸ், ஒய் எடுத்து ஏடேன்2 (அதிலிருந்து கோணம் தர்ற ஃபங்ஷன்) போட்டாச்சு. அடுத்தடுத்த கோணத்தைக் கழிச்சு நேரத்தால வகுத்தா வினாடிக்கு 36.7 ரேடியன் கிட்ட வருது. ஆனா அஞ்சாறு வரிக்கு ஒருமுறை −151.8. என்ன தப்பு?

கேள்விக்குறி: எக்செலா, பைத்தானா? வினாடிக்கு எத்தனை ஃபிரேம்? மையம் எங்க வச்சீங்க?

பிக்சல்பாண்டி: எக்செல்னா ஏடேன்2 வரிசைதான் வில்லன். அதுல எக்ஸ் முதல்ல, பைத்தான்ல ஒய் முதல்ல. மாத்திப் பாருங்க.

வட்டப்பாதை: மாத்தினா குறிதான் மாறும், குதிப்பு அப்படியே இருக்கும். பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிட்டுக் கேட்டிருக்கலாம். ஃபிரேம் எண்ணிக்கை கேள்வியிலேயே இருக்கு: 36.7க்கும் −151.8க்கும் இடைவெளி 188.5. 2 பையால (2π ரேடியன், அதாவது ஒரு முழுச் சுத்து) வகுத்தா 30. கோணம் பையைத் தாண்டினதும் ஏடேன்2 மைனஸ் பைக்குப் போயிடும். அந்த ஒரு கழித்தலில் 2 பை குறையுது, அதை 30 பெருக்கிக் காட்டுது. வகுக்கும் முன்னே, மீதி தர்ற மாட் ஃபங்ஷனை வச்சு மாட்(வித்தியாசம் + பை, 2 × பை) − பை போடுங்க.

கிராப்தாள்: கோணமே எதுக்கு? எக்ஸ் × ஒய்யின் வேகம் − ஒய் × எக்ஸின் வேகம், அதை ஆரத்தின் வர்க்கத்தால வகுங்க. குதிப்பே வராது.

வட்டப்பாதை: அந்த வேகம் எங்கிருந்து வரும் சார்? முன்பின் ஃபிரேமைக் கழிச்சுத்தானே? இங்க ஃபிரேமுக்கு 70 டிகிரி நகருது. சைன்(70°) × 30 = 28.2. அதாவது 23 சதவீதம் குறைச்சல்.

கிராப்தாள்: 240 ஃபிரேம் ஸ்லோமோல எடுத்தா 8.75 டிகிரிதான். பிழை அரை சதவீதம்கூட வராது. முறை தப்பில்ல, வீடியோதான் பத்தல.

வட்டப்பாதை: அவர்கிட்ட இருக்கிறது 30. ஸ்டிக்கர் ஒட்டினாரே, அதுவே பெரிய விஷயம். மூணு இறக்கையும் ஒண்ணுபோல இருந்தா 70 முன்னாடியும் 50 பின்னாடியும் ஒரே படம்தான், ஃபேன் தலைகீழா ஓடுற மாதிரி தெரியும்.

சுழலி: எக்செல்தான். மாட் போட்டேன், குதிப்பு போச்சு. ஆனா இப்பத்தான் கவனிச்சேன், 34க்கும் 39க்கும் நடுவுல ஆடுது. எண்ணிப் பார்த்தா 36 ஃபிரேமுக்கு 7 சுத்து.

கேள்விக்குறி: மையம் கேட்டேனே! சுத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கினா மையம் தள்ளியிருக்கு. ஆரம் 250 பிக்சல்னா, 15 பிக்சல் தள்ளினாலே சுமார் 6 சதவீதம் ஆடும். எக்ஸ்ல பெருசையும் சிறுசையும் கூட்டிப் பாதி எடுங்க, ஒய்க்கும் அதே. ரெண்டு தடவை ஏறி இறங்கினா கேமரா சாய்ஞ்சிருக்கு. வட்டம் நீள்வட்டமா விழும், ஃபோனை ஃபேனுக்கு நேர் கீழே தரையில படுக்க வச்சு எடுக்கணும். சராசரி மட்டும் போதும்னா முழுச் சுத்தா எடுங்க: 14 பையை 1.2 வினாடியால வகுத்தா வினாடிக்கு 36.65 ரேடியன், நிமிஷத்துக்கு 350 சுத்து (ஆர்பிஎம்).

சுழலி: 350 எழுதிட்டேன். நன்றி அண்ணா.

கேள்விக்குறி: ஆட்டம் சுத்துக்கு ஒண்ணா, ரெண்டா?

பிக்சல்பாண்டி: ஏடேன்2 வரிசையையும் சொல்லிட்டுப் போங்க தம்பி.