50.4 விழுக்காடு: பாதிதானா, பாதிக்கும் மேலா?

தராசுமுள்:
"எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் சமூக ஊடகத்தின் அல்காரிதம்தான் மனிதர்களை ஒத்த கருத்துக் கூண்டுக்குள் அடைத்துவிட்டது; அது மட்டும் இல்லையென்றால் எல்லோரும் எதிர்த்தரப்பையும் பொறுமையாகக் கேட்டிருப்பார்கள்" என்று வெண்கோடு அவர்கள் நேற்று தீர்ப்பு எழுதியதையும், அதன் கீழே வரிசையாக விழுந்த பாராட்டுகளையும் படித்த பிறகு வாய்மூடி இருக்க இயலவில்லை. 2023ஆம் ஆண்டு நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியான ஆய்வைப் புரட்டியவர் எவரும் இப்படி எழுத மாட்டார். 2020 அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்தில் ஃபேஸ்புக் பயனர்கள் எதைப் பார்த்தார்கள் என்று கணக்கெடுத்தபோது, இடைநிலைப் பயனர் (அதாவது எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர்) ஒருவருக்கு அவருடைய அரசியல் சாய்வை ஒத்தவர்களிடமிருந்து வந்தவை வெறும் 50.4 விழுக்காடுதான். பாதி! பாதிச் சுவர் எழுப்பியதைச் சிறை என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை. அதே ஆய்வில், 23,377 பேர் பங்கேற்ற சோதனை ஒன்றில், ஒத்த கருத்துடையோரின் பதிவுகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பார்த்தார்கள். எதிர்க்கட்சியினர் மீதான வெறுப்பும் கொள்கைத் தீவிரமும் பொய்த் தகவல்களை நம்பும் போக்கும் அளவிடத்தக்க வகையில் மாறவே இல்லை. கோளாறு மனிதனிடம் இருக்கிறது, அல்காரிதத்திடம் இல்லை.

வெண்கோடு:
தராசுமுள் ஐயாவின் கணித அறிவுக்கு என் வணக்கங்கள். 50.4 என்பது பாதி அன்று, பாதிக்கும் மேல். 50.4 விழுக்காடு வாக்கு பெற்ற வேட்பாளர் "நான் பாதி வென்றேன்" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவதில்லை. அடுத்து, அதே ஆய்வில் இருக்கும் 14.7 விழுக்காடு என்ற எண்ணைத் தாங்கள் ஏன் எழுதவில்லை என்று அறிய விரும்புகிறேன். எதிர்ச்சாய்வு உடையவர்களிடமிருந்து அந்த இடைநிலைப் பயனருக்கு வந்தது அவ்வளவுதான். ஒத்தவர் குரல் மூன்று மடங்குக்கும் மேலாகக் கேட்கிறது. பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு பிடிக்காத எண்ணை விட்டுவிடுவதற்குத்தான் உளவியலில் உறுதிப்படுத்தல் சார்பு என்று பெயர்.

நீலவாணன்:
வெண்கோடு அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. அருமையான பதில்.

தராசுமுள்:
நீலவாணன் அவர்களின் பாராட்டு, வெண்கோடு அவர்களின் பதிவை ஒருவர் படித்து முடிக்க ஆகும் நேரத்துக்கு முன்பாகவே வந்து சேர்ந்துவிடுவதைப் பல மாதங்களாகக் கவனித்து வருகிறேன். இருக்கட்டும். 50.4உம் 14.7உம் போக மீதமுள்ளவை எந்தப் பக்கமும் சாயாதவர்களிடமிருந்து வந்தவை என்பதை வெண்கோடு அவர்கள் ஏன் மறைத்தார்? மேலும், அந்த 50.4 விழுக்காட்டில் அடங்கியவை எல்லாம் அரசியல் பதிவுகளும் அல்ல. ஒத்த சாய்வுடைய நண்பர் தம் குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் போட்டாலும் அது அந்தக் கணக்கில்தான் சேரும். அப்படியெல்லாம் சேர்த்த பிறகும் 50.4 மட்டுமே. பாதி என்றால் பாதிதான்.

நீலவாணன்:
நான் வேகமாகப் படிப்பவன். இதில் குற்றம் காண என்ன இருக்கிறது என்று புரியவில்லை. தங்கள் பதிவுகளுக்கு அந்த வேகம் எனக்கு வராததற்குக் காரணம் அவற்றின் நீளம். அது போகட்டும், பயனர்களில் 20.6 விழுக்காட்டினர், அதாவது ஐந்தில் ஒருவர், தாம் பார்ப்பவற்றில் முக்கால் பங்குக்கும் மேல் ஒத்த சாய்வுடையவர்களிடமிருந்தே பெறுகிறார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறதே, அதைப் பற்றித் தாங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

முகிலி:
இருவரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். 1960இல் உளவியலாளர் பீட்டர் வேசன் நடத்திய சோதனையில் அரசியலும் இல்லை, ஊடகமும் இல்லை. 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பெரும்பாலோர் "இரண்டு இரண்டாகக் கூடுகிறது" என்று மனத்தில் முடிவு கட்டிக்கொண்டு, 8, 10, 12 போன்று அந்த முடிவுக்கு ஏற்ற எண்களையே சோதித்துப் பார்த்தார்கள். உண்மையான விதியோ ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும் பொருந்தும் என்பதுதான். தம் முடிவைப் பொய்யாக்கக்கூடிய எண்களைக் கேட்கும் எண்ணம் மிகச் சிலருக்கே வந்தது. ஆகவே அல்காரிதம் பிறக்கும் முன்பே இந்தக் குணம் இருந்தது. அல்காரிதம் அதற்குத் தீனி போடுகிறதா என்பதுதான் கேள்வி.

தராசுமுள்:
முகிலி அவர்கள் என் கருத்தை வலுப்படுத்தியதற்கு நன்றி.

முகிலி:
நான் தங்கள் கருத்தை வலுப்படுத்தவில்லை. என் கடைசி வரியைத் தயவுசெய்து மீண்டும் படியுங்கள்.

வெண்கோடு:
முகிலி அவர்களுக்கு இப்போதாவது தராசுமுள் ஐயாவின் வாசிப்பு முறை விளங்கியிருக்கும். அந்த 2020 தேர்தல் ஆய்வுத் திட்டம் ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்தின் ஒத்துழைப்போடு நடந்தது என்பதையும் அவர் சொல்லவில்லை. அந்தத் திட்டத்தை வெளியிலிருந்து கவனிப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட மைக்கேல் வாக்னர், "அனுமதி பெற்ற சுதந்திரம்" என்ற பொருள்படும் தலைப்பில் 2023இல் சயின்ஸ் இதழில் தம் ஐயங்களை எழுதினார். தரவு நிறுவனத்தின் கையில் இருக்கும்போது எதைக் கேட்கலாம் என்பதையும் நிறுவனமே தீர்மானிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, அவர் குற்றமற்றவர் என்று வாதாடுகிறார் நம் ஐயா.

தராசுமுள்:
வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் நிறுவனத்திடமிருந்து ஊதியம் பெறவில்லை. பகுப்பாய்வுத் திட்டத்தையும் முன்கூட்டியே பதிவு செய்தார்கள். வாக்னரும் அந்த ஆய்வுகளைப் பொய் என்று சொல்லவில்லை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. தரவை நம்ப முடியாது என்று இப்போது சொல்லும் வெண்கோடு அவர்கள், அதே தரவிலிருந்து 14.7 என்ற எண்ணை எடுத்து என் முகத்தில் வீசியபோது அதை நம்பினாரா, இல்லையா? 50.4 நிறுவனத்தின் எண், 14.7 மட்டும் வெண்கோடு அவர்களின் சொந்த எண்ணா? சென்ற ஆண்டு கருத்துக்கணிப்பு பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தார். தமக்குச் சாதகமான கணிப்பு வந்த நாளில் அதை அறிவியல் என்றார், பாதகமாக வந்த நாளில் விலைபோனது என்றார். பதில் கேட்டபோது காணாமல் போனார்.

வெண்கோடு:
நான் காணாமல் போகவில்லை. மட்டுறுத்துநர் அந்த விவாதத்தைப் பூட்டினார். பூட்டியதற்குக் காரணம் யாருடைய சொற்கள் என்பது பழைய உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். 14.7ஐ எடுத்தாண்டதற்குக் காரணம், நிறுவனத்தின் ஒப்புதலோடு வெளிவந்த எண்ணே ஐயாவுக்கு எதிராக இருக்கிறது என்று காட்டத்தான். கணக்கில் புலி என்று தம்மைச் சொல்லிக்கொள்பவருக்கு ஆய்வாளர் டேன் கஹானும் அவருடைய கூட்டாளிகளும் 1,111 பேரிடம் நடத்திய சோதனையை நினைவூட்டுகிறேன். ஒரே எண்களைச் சருமக் களிம்பு பற்றியவை என்று கொடுத்தபோது, கணக்கில் தேர்ந்தவர்கள் சரியாக விடை சொன்னார்கள். அவற்றையே துப்பாக்கித் தடை பற்றியவை என்று கொடுத்தபோது, தம் கட்சிக்கு ஏற்ற விடை வரும் இடத்தில் மட்டும் அவர்களுடைய கணக்குத் திறமை வேலை செய்தது. கணக்கு தெரியத் தெரியப் பிளவு கூடியதே தவிரக் குறையவில்லை.

நீலவாணன்:
மிகச் சிறப்பு.

தராசுமுள்:
படித்துவிட்டீர்களா, நீலவாணன்? களிம்புச் சோதனைக்கும் 50.4க்கும் என்ன உறவு என்று வெண்கோடு அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அந்தச் சோதனையில் அல்காரிதம் எங்கே இருந்தது? ஸ்டான்ஃபோர்டில் 1979இல் மரண தண்டனையை ஆதரித்த மாணவர்கள் 24 பேருக்கும் எதிர்த்தவர்கள் 24 பேருக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். இரு தரப்பினரும் தமக்கு ஒத்த ஆய்வைத் தரமானது என்றும் ஒவ்வாததை ஓட்டை என்றும் சொல்லி, முன்பைவிட உறுதியாகத் தம் பக்கம் நின்றதாகக் கூறினார்கள். அங்கே எந்த அல்காரிதம் அவர்களைப் பிரித்தது? எதிர்க்கருத்தை முழுமையாகக் கையில் கொடுத்தபோதும் அவர்கள் மாறவில்லை. நான் தொடக்கத்திலிருந்து சொல்வது அதைத்தான். மறுக்க வேண்டுமானால் 50.4 என்பது எப்படிப் பாதி ஆகாது என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.

முகிலி:
48 மாணவர்களும் 23,377 பயனர்களும் தங்களுக்குச் சம எடையா?

தராசுமுள்:
கேள்வி 48 பற்றியது அல்ல, 50.4 பற்றியது.

நீலவாணன்:
20.6 பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தராசுமுள்:
ஐந்தில் ஒருவர் தம் விருப்பப்படி நண்பர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு அல்காரிதம் பொறுப்பாகாது. மீதி நால்வரைப் பற்றிப் பேசத் தங்களுக்கு விருப்பமில்லை என்பது மட்டும் தெரிகிறது. இந்த விவாதம் திசைமாறிவிட்டதால் நாளை தனியாக ஒரு விவாதம் தொடங்குகிறேன். அதில் பங்கேற்க விரும்புவோர், 50.4 என்பது ஏறத்தாழப் பாதி என்பதை முதலில் ஒப்புக்கொண்டு எழுத வேண்டும்.

வெண்கோடு:
நானும் வருவேன். என் முதல் வரி 14.7 என்றே தொடங்கும். மட்டுறுத்துநரிடம் இப்போதே சொல்லி வைக்கவும்.