மாதிரி ராக்கெட்டில் மூன்று துடுப்புகளையும் கோணாமல் ஒட்டுவது எப்படி?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். எஸ்டெஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா ராக்கெட்டைக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். 24.8 மி.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாயில் மூன்று பால்சா மரத் துடுப்புகளை ஒட்ட வேண்டும். துடுப்பைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம் எதுவும் என்னிடம் இல்லை. உருண்டையான குழாயில் அளவுகோலை வைத்து நேர்கோடு கிழிப்பது எப்படி? சூப்பர் குளூ போதுமா, மரப்பசைதான் வேண்டுமா? துடுப்பு சற்றே சாய்ந்துவிட்டால் உண்மையில் எவ்வளவு பாதிப்பு?

பதில் 1:

முதலில் ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி இறுக்கமாக வைத்து, அது ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டையை விரித்து அளந்தால் ஏறத்தாழ 78 மி.மீ. வரும், அதை 26 மி.மீ. வீதம் மூன்றாகப் பிரித்து, மீண்டும் குழாயில் சுற்றிப் புள்ளிகளை இடுங்கள். நேர்கோட்டுக்கு அளவுகோலை நம்ப வேண்டாம். ‘ட’ வடிவ அலுமினியச் சட்டம் ஒன்றைக் குழாயின் மேல் கவிழ்த்து வைத்தால், அதன் இரு பக்கங்களும் குழாயைத் தொட்டு நிற்கும். அப்போது சட்டத்தின் விளிம்பு குழாயின் அச்சுக்குத் தானாகவே இணையாகிவிடும் என்பதால், அந்த விளிம்பையொட்டிப் பென்சிலால் கிழிக்கும் கோடு கோணாது. சட்டம் கிடைக்காவிட்டால் கதவு நிலையின் உள்மூலையில் குழாயைப் பொருத்தியும் கிழிக்கலாம். ஏவுகம்பி நுழையும் சிறு குழலுக்கான கோட்டையும், இரண்டு துடுப்புகளுக்கு நடுவே, இப்போதே போட்டுவிடுங்கள்.

பதில் 2:

பசையைப் பற்றி நான் சொல்கிறேன். சூப்பர் குளூ கணத்தில் பிடித்துக்கொள்வதால் துடுப்பைத் திருத்தி வைக்க அவகாசம் தராது. காய்ந்தபின் நொறுங்கும் தன்மையுடையது என்பதால் ராக்கெட் தரையில் மோதும் அதிர்ச்சியையும் நன்றாகத் தாங்காது. காகிதத்துக்கும் பால்சாவுக்கும் மரப்பசைதான் உகந்தது, ஏனெனில் அது இரண்டின் இழைகளுக்குள்ளும் ஊறிப் பிடிக்கிறது. ஆனால் குழாயின் மேற்பரப்பில் வழுவழுப்பான பூச்சு இருக்கும். ஒட்டும் கோட்டின் மேல் மட்டும் அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் பசை அந்தப் பூச்சை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒட்டும்போது இரண்டு பூச்சு முறையைக் கையாளுங்கள். துடுப்பின் அடிவிளிம்பிலும் குழாயின் கோட்டிலும் மெல்லிய பசைப் படலம் பூசிச் சில நிமிடங்கள் உலரவிட்டு, பிறகு அடிவிளிம்பில் மட்டும் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்து அழுத்திப் பிடித்தால், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் துடுப்பு தானாக நிற்கும் அளவுக்குப் பிடித்துவிடும். மூன்றும் நன்கு காய்ந்த பிறகே, துடுப்பும் குழாயும் சேரும் மூலைகளில் பசைப் பூச்சு இழுக்க வேண்டும். குழாயைப் படுக்கையாக வைத்து, இரண்டு துடுப்புகள் மேல்நோக்கி விரிந்திருக்கும்படி நிறுத்தினால் பசை மூலையிலேயே தங்கும். தடிமனாக ஒரே முறை இடாமல் மெல்லியதாக இரண்டு மூன்று முறை இடுங்கள். நீர் கலந்த பசை காயும்போது சுருங்குவதால், அதிகம் இட்டால் குமிழியும் குழியும் விழும்.

துடுப்புகளின் முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டும்போது அடிவிளிம்பைத் தொட்டுவிடாதீர்கள், அது தட்டையாகவே இருக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக அடுக்கித் தேய்த்தால் அளவு ஒத்துவரும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. சாய்வைப் பற்றி யாராவது விளக்க முடியுமா? 26 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. தவறினால் ராக்கெட் பறக்காதா?

பதில் 3:

பறக்கும். இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் குழாயில் சுற்றளவுவாக்கில் 1 மி.மீ. நகர்ந்தால் துடுப்புகளுக்கு இடையிலான 120 பாகைக் கோணம் ஏறக்குறைய நாலரை பாகை மாறும். கண்ணுக்கு உறுத்தினாலும், அழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) எடை மையத்துக்கு (ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளி) பின்னால் போதிய தொலைவில் இருக்கும்வரை நிலைத்தன்மை அவ்வளவாகக் கெடாது. ஆனால் துடுப்பு குழாயின் அச்சுக்கு இணையாக இல்லாமல் திரும்பியிருந்தால், அது காற்றை ஒரு பக்கமாகத் தள்ளும். மூன்றும் ஒரே பக்கம் ஒரே அளவு திரும்பியிருந்தால் ராக்கெட் சுழன்றுகொண்டே ஏறும், அதனால் உயரமும் சற்றுக் குறையும். ஒன்று மட்டும் திரும்பியிருந்தால் சுழற்சியோடு பக்கவாட்டுத் தள்ளலும் சேர்ந்து, மூக்கு வட்டமிட்டபடி தள்ளாடிப் போகும். ஆகவே இடைவெளியைவிட நேர்கோட்டுக்கே அதிகக் கவனம் கொடுங்கள். மேலே சொன்ன அலுமினியச் சட்டத்தை அதற்காகவே தேடி வாங்கலாம்.

சரிபார்க்க, தாளில் ஒரு மையத்திலிருந்து 120 பாகை இடைவெளியில் மூன்று கோடுகள் வரைந்து, பசை இளகியிருக்கும்போதே குழாயை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து பாருங்கள். கெட்டியான அட்டையில் குழாய்க்கு ஒரு துளையும் துடுப்புகளுக்கு மூன்று பிளவுகளும் வெட்டிக்கொண்டால், காயும்வரை அதுவே தாங்கிப் பிடிக்கும். பிளவுகளின் உள்முனையைச் சற்று அகலமாக வெட்டுங்கள், இல்லையென்றால் கசியும் பசை அட்டையையும் சேர்த்து ஒட்டிவிடும்.