புதுப்பிப்பு: குடும்ப சிகிச்சைக்குப் போனோம்

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: பத்தாவது படிக்கும் மகன் காலையானால் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிறான், ஸ்கேனில் ஒன்றுமில்லை, டாக்டர் மூவரையும் குடும்ப சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார், போகலாமா என்று. போனோம். ஐந்து அமர்வு முடிந்தது.

முதல் நாள் எனக்கும் கணவருக்கும் நடு நாற்காலியில் மகன் உட்கார்ந்தான். "அப்பாவையே கேளுடா" என்று நான் அவனிடம்தான் சொன்னேன். ஆலோசகர் அவனை எழுப்பி ஓரமாக உட்கார வைத்தார். பல மாதம் கழித்து நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. எனக்குக் கை நடுங்கியது.

இதற்கு முக்கோணம் என்று பெயர். இருவருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துவிடுவோம். 1950களில் அமெரிக்காவில் முர்ரே போவென் என்ற மனநல மருத்துவர், குடும்பங்களையே மருத்துவமனை வார்டில் தங்கவைத்துக் கவனித்து வளர்த்த சிந்தனை இது. எங்கள் வீட்டிலும் மகனுக்கு வயிறு வலித்த நாட்களில்தான் எங்கள் இருவரின் சண்டை நின்றிருக்கிறது. வலி பொய்யில்லை, நிஜமாகவே வலித்திருக்கிறது பிள்ளைக்கு.

குடும்பத்தில் யார் யாரோடு எப்படிப் பழகினார்கள் என்று மூன்று தலைமுறை வரைபடமும் போட்டோம். என் அம்மாவும் என் வழியாகத்தான் அப்பாவிடம் பேசுவார்.

இப்போது வாரத்தில் நான்கு நாள் பள்ளிக்குப் போகிறான். யார் மேல் தப்பு என்று கேட்டவர்களுக்கு: அங்கே அந்தக் கேள்வியே வரவில்லை. அடுத்த அமர்வுக்கு நாங்கள் இருவர் மட்டும் போகிறோம்.